மூன்றாம் அங்கத்துக் கடிதம்

மேசைமேல் பழுப்புத் தாள் விரித்து
ஒவ்வொரு பொருளையும் படுக்கவைத்துச்
சுற்றிலும் மார்க்கரால் கோடு இழுத்தேன்.
படகு விளக்கு. ரப்பர் கத்தி. போர்வை.
கைப்பிடி ஒட்டிய கெட்டில்.
நான்கு பத்தில் நின்றுபோன கடிகாரம்.
அதை நிற்கவைக்க பேட்டரியைக் கழற்றியதுதான்
இந்த நாடகத்துக்கு நான் செய்த முதல் வேலை.

பொருள் மேடைக்குப் போனால்
அதன் கோடு மட்டும் தாளில் கிடக்கும்.
காலிக் கோட்டைப் பார்த்தால்
எனக்கு வயிற்றைக் கலக்கும்.
ஒருமுறை எலிசியோ தெர்மாமீட்டரைச்
சட்டைப்பையில் போட்டபடி பஸ் ஏறிப் போய்விட்டான்.
அன்றிரவு நான் தூங்கவில்லை, அவன் தூங்கினான்.

வல்தீவியாவில் ஜூன் மாதம்.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.
ஆற்றங்கரை மீன்கடைகளின் பின்னால்
கடற்சிங்கங்கள் குரைப்பது ஒத்திகை அறைவரை கேட்கும்.
ஓடெத் முதல் வாரம் கத்தித் தீர்த்தாள்.
பிறகு, கதையில்தான் படகுத்துறை வருகிறதே,
இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நான் வனவியல் மூன்றாம் ஆண்டு.
நடிக்க வராது. பட்டியல் போட வரும்.

மூன்றாம் அங்கத்தில் ஒரு கடிதம்.
வடக்கே செம்புச் சுரங்கத்துக்குப் போன மகன்
படகோட்டித் தகப்பனுக்கு எழுதியது.
தகப்பன் படிப்பான், கிழிப்பான், அடுப்பில் போடுவான்.
அடுப்பு என்றால் சிவப்பு பல்பும் செலோபேனும்.
தினம் கிழிபடும் என்பதால்
தினம் ஒன்று எழுதவேண்டும்.

முதலில் வசனத்தை வரி பிசகாமல் எழுதினேன்.
மடிப்பில் தேநீர்க் கறைகூட வைத்தேன்.
எலிசியோ தாளைப் பார்த்ததே இல்லை.
எல்லாம் மனப்பாடம்,
கண் எப்போதும் கடைசி வரிசைக்கு மேலே.
பத்தாவது தாளில் எனக்குச் சோம்பல் வந்தது.
தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு
எழுத்து எழுத்துதான்.

கடைசிக் காட்சி, சனிக்கிழமை.
தகப்பன் கடிதத்தைப் பிரித்தான்.
"அன்புள்ள அப்பாவுக்கு" என்றான்.
நின்றான்.
திரையின் இடுக்கில் நான் பார்த்துக்கொண்டே இருக்க
அவன் கண் மெல்லக் கீழே இறங்கியது.
அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று
அந்த அரங்கத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எலிசியோ படித்தான்:
"விளக்கை பெலார்மீனோவிடம் கொடுத்துவிட வேண்டும்.
போர்வையைத் துவைத்துத்தான் தரவேண்டும்.
கெட்டில், எர்மீனியா அம்மாளுடையது.
கைப்பிடி உடைந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.
கடிகாரத்துக்கு பேட்டரி.
நாளையிலிருந்து
ரொட்டி வாங்க வேண்டாம்."

ரொட்டி என்ற இடத்தில் அவன் குரல் தடுக்கியது.
பயத்தில்தான், பிறகு என்னிடம் சொன்னான்.
இருட்டில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
ஓடெத் என் பக்கம் திரும்பினாள்,
நான் ரப்பர் கத்தியை இறுகப் பிடித்திருந்தேன்.

அவன் கிழிக்கவில்லை.
நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
அடுப்பு வெறுமனே சிவந்துகொண்டிருந்தது.
விளக்கணைக்க ரெனாத்தாவுக்குக் கைவரவில்லை,
மூன்று நொடி தாமதம்.

சட்டையோடு பட்டியலும் அவன் வீட்டுக்குப் போய்விட்டது.
ஞாயிறு காலை வெறும் தாளின் முன்னால் நின்று
கோடுகளைப் பார்த்துப் பார்த்து
யாருக்கு எது என்று நினைவுபடுத்தினேன்.
கடிதத்துக்கு மட்டும் கோடு போட்டிருக்கவில்லை.
திரும்பி வராத பொருளுக்கு எதற்கு இடம் என்று
அப்போது நினைத்திருந்தேன்.

எர்மீனியா அம்மாள் கதவைப் பாதி திறந்தார்.
கெட்டிலை நீட்டி,
ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"கைப்பிடியா?
அது நீ கேட்டு வந்த அன்றே
உடைந்துதானே இருந்தது.
உள்ளே வா, ஷூவைக் கழற்று,
தரை இப்போதுதான் துடைத்தேன்."